தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்களுக்கு மயிலாடுதுறை. வெளியூர் உறவுக்காரர்கள் வந்தால் முதல் நாள் கோயில், மறுநாள் தரங்கம்பாடி என்பது வீட்டில் எழுதப்படாத சட்டம். அழைத்துக்கொண்டு போய்ப் போய் அவர்கள் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடமாகிவிட்டன. சிலவற்றுக்கு நான் வருஷக்கணக்காகச் சொல்லிவந்த பதிலே தப்பு என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டதும் உண்டு. திருத்திய பதில்கள் இவை.

தரங்கம்பாடி எங்கே இருக்கிறது? எப்படிப் போவது?

மயிலாடுதுறை மாவட்டத்தில், வங்கக்கடல் ஓரத்தில். டென்மார்க்கிலிருந்து வந்த டேனிஷ்காரர்கள் ஒரு காலத்தில் கோட்டை கட்டி வியாபாரம் செய்த ஊர். 2020இல் மாவட்டம் பிரிகிற வரை நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. பழைய புத்தகங்களில் அப்படித்தான் போட்டிருக்கும். சென்னையிலிருந்து காரில் வந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சிதம்பரம், சீர்காழி, திருக்கடையூர் தாண்டி சுமார் 280 கிலோமீட்டர். காரைக்காலிலிருந்து சுமார் 15, மயிலாடுதுறையிலிருந்து சுமார் 30.

ரயிலில் வருகிறவர்கள் மயிலாடுதுறையில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். 1926இல் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடி வரை மீட்டர் கேஜ் பாதை போட்டார்கள். 1980களில் நிறுத்திவிட்டார்கள். அந்த ரயிலில் போன கதையை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னமும் சொல்லி முடித்தபாடில்லை.

'பாடும் அலைகளின் ஊர்' என்பதுதானே பெயரின் பொருள்?

சுற்றுலாப் புத்தகங்கள் எல்லாம் அப்படித்தான் சொல்கின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாணியம்பாடியில் யார் பாடுகிறார்கள்? ஆயர்பாடியில்? பாடி என்றால் குடியிருப்பு, ஊர். தரங்கம் என்றால் அலை. இரண்டையும் சேர்த்தால் அலையோரத்து ஊர், அவ்வளவுதான்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இங்குள்ள மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டில் ஊரின் பெயர் 'சடங்கன்பாடி' என்று இருக்கிறது, கூடவே 'குலசேகரன்பட்டினம்' என்ற மறுபெயரும். ஆக, அலைக்கு முன்னால் இந்த ஊரில் ஒரு சடங்கன் இருந்திருக்கிறார். சடங்கன்பாடி பிறகு தரங்கம்பாடி ஆகி, ஐரோப்பியர் வாயில் அதுவும் நுழையாமல் 'டிராங்குபார்' ஆனது. டேனிஷ் வரைபடங்களிலும் ஆங்கிலேயர் ஆவணங்களிலும் அந்தப் பெயர்தான்.

டேனிஷ்காரர்கள் வருவதற்கு முன் இங்கே ஏதாவது இருந்ததா?

இருந்தது. ஊரின் மிகப் பழைய கட்டடம் கோட்டை இல்லை, கடலோரத்துச் சிவன் கோயில்தான். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல், எழுந்தது மாசிலாமணிநாதர் கோயில். மறுபெயரில் இருக்கும் குலசேகரன் அவர்தான். பட்டினம் என்று ஒரு பாண்டியன் பெயர் சூட்டியிருக்கிறார் என்றால், அப்போதே இங்கே சரக்கு ஏறி இறங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கோயிலைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. நான் சின்னப் பையனாகப் பார்த்தபோது முன்பகுதி இல்லை. கற்கள் தண்ணீரில் கிடந்தன, அலை வந்து போகும்போது அவற்றின் விளிம்பு மட்டும் கறுப்பாகத் தெரியும். இப்போது கரையில் பாறைகளைக் கொட்டி அரண் போட்டு, கோயிலையும் திருப்பணி செய்திருக்கிறார்கள். புதுப்பித்த பகுதியின் பளிச்சென்ற வண்ணத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பழைய கற்சுவர் பக்கம் போய், உப்புக்காற்று அரித்த கல்லைக் கையால் தடவிப் பாருங்கள். சர்க்கரைக் கட்டி மாதிரி சொரசொரப்பாக இருக்கும்.

எங்கோ இருக்கிற டென்மார்க் ஏன் இந்தச் சின்ன ஊருக்கு வந்தது?

மிளகுக்குத்தான். ஆனால் நேராக இங்கே வரவில்லை, வழி தவறிய கதை அது.

போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் கிழக்கே போய்ப் பணம் பார்ப்பதைக் கண்டு, டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் 1616இல் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கி வைத்தார். கண்டி அரசரின் தூதன் நான் என்று சொல்லிக்கொண்டு போஷவர் என்ற டச்சுக்காரர் கோபன்ஹேகனுக்குப் போய், போர்த்துகீசியரை விரட்ட உதவினால் இலங்கை வியாபாரம் உங்களுக்குத்தான் என்று ஆசை காட்டினார். 1618இல் கப்பல்கள் புறப்பட்டன. தலைவர் ஓவே கியெட்டே. வயது இருபத்து மூன்றோ நான்கோ. போஷவர் வழியிலேயே செத்துப்போனார். ஒன்றரை வருஷம் கடலில் அலைந்து இலங்கையில் இறங்கினால், அப்படி ஒரு ஒப்பந்தமே எனக்குத் தெரியாது என்று கண்டி அரசர் கையை விரித்துவிட்டார்.

இதற்கிடையில் முன்னோட்டமாக அனுப்பிய கப்பல் ஒன்றைக் காரைக்கால் அருகே போர்த்துகீசியர் அடித்து நொறுக்கினார்கள். மாலுமிகள் இருவரின் தலையை வெட்டிக் கம்பில் நட்டுக் கடற்கரையில் வைத்தார்கள். ரோலண்ட் கிராப்பே என்பவரும் பத்துப் பதின்மூன்று பேரும் மட்டும் தப்பிக் கரையேறித் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார்கள். நாயக்கருக்கும் போர்த்துகீசியருக்குப் போட்டியாக ஒரு வியாபாரி தேவைப்பட்டது. இலங்கையில் ஏமாந்த கியெட்டே அதைக் கேள்விப்பட்டு இங்கே வந்தார். 1620 நவம்பரில் ஒப்பந்தம். மூழ்கின கப்பல்தான் டேனிஷ்காரர்களுக்கு இந்த ஊரைக் காட்டிக் கொடுத்தது.

தங்கத்தில் எழுதிய கடிதம் ஒன்று உண்டாமே?

உண்டு. ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. எழுதியிருப்பது தமிழில், கையெழுத்து தெலுங்கில். தஞ்சாவூர் நாயக்கர் ஆட்சி எப்படிப்பட்டது என்று கேட்டால் அந்தத் தகட்டைக் காட்டினால் போதும்.

கோட்டைக்குள் என்ன பார்க்கலாம்?

டான்ஸ்போர்க் என்பது அதன் டேனிஷ் பெயர்; ஊரில் டேனிஷ் கோட்டை என்றால்தான் புரியும். 1620இல் கட்டத் தொடங்கியது. செஞ்சி, வேலூர் மாதிரி நினைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்துபோவீர்கள். இது கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் இரண்டு தளக் கட்டடம், சுற்றி மதில், அவ்வளவுதான். ஒரு காலத்தில் அகழியும் தூக்குப் பாலமும் இருந்தன.

கீழ்த்தளம் சரக்கு அறை, வெடிமருந்துக் கிடங்கு, சமையலறை, சிறை. மேல்தளம் ஆளுநரும் பாதிரியாரும் இருந்த இடம். மிளகு மூட்டைக்கு மேலே ஆளுநர் தூங்கியிருக்கிறார். கம்பெனியின் புத்தி இந்த அமைப்பிலேயே தெரிந்துவிடுகிறது.

கட்டடக் கலையில் ஆர்வம் இல்லாதவர்களும் கவனிக்க வேண்டியது கூரை. வளைந்த கவிகைக் கூரை, நடுவில் தடித்த தூண். மரவிட்டம் எதுவும் இல்லாமல் செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டுமே அந்தப் பாரத்தைத் தாங்குகின்றன. மதியம் இரண்டு மணி வெயிலில் வெளியே கால் வைக்க முடியாதபோது உள்ளே சுவரில் முதுகைச் சாய்த்தால் ஜில்லென்று இருக்கும். என் மாமா ஒருவர் அப்படிச் சாய்ந்து அரை மணி நேரம் தூங்கியே விட்டார்.

உள்ளே இருக்கும் அருங்காட்சியகம் மாநிலத் தொல்லியல் துறையுடையது. பீங்கான், சீனத் தேநீர் ஜாடி, வாள், குத்துவாள், பீரங்கிக் குண்டு, டேனிஷ் ஆவணங்கள், சுடுமண் பொருள்கள் என்று கலவையாக வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் நேராக ஓடுவது திமிங்கல எலும்பிடம்தான். விளக்கப் பலகைகள் சுருக்கமானவை, ஆகவே கதையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது. கட்டணம் பெயரளவுக்குத்தான். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிட்டுப் போங்கள். அரசு அருங்காட்சியகங்கள் அன்று மூடியிருப்பது வழக்கம்.

கோட்டையில் யாராவது பெரிய ஆள் இருந்திருக்கிறாரா?

பெரிய ஆள்கள் நிறையப் பேர். ஆனால் எனக்குப் பிடித்தவர் ஒரு சாதாரண ஆள், எஸ்கில் கோங்ஸ்பாக்கே.

டென்மார்க் ஐரோப்பியப் போர்களில் சிக்கிக் கடனில் மூழ்கியது. 1650இல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். தரங்கம்பாடிக்குத் தகவல் சொல்ல ஆள் இல்லை. கால் நூற்றாண்டுக்கு மேல் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பல் வரவில்லை. இங்கே இருந்தவர்கள் காய்ச்சலிலும் குடியிலும் ஒவ்வொருவராகச் செத்தார்கள். ஆளுநர் மீது கலகம் நடந்தது. கடைசியில் 1655இல் மிஞ்சிய ஒரே டேனிஷ்காரர் கோங்ஸ்பாக்கே. பட்டம் கிடையாது, பதவி உத்தரவு கிடையாது. கோட்டையில் கொடி பறக்க வேண்டும், அதை அவர் விடவில்லை. உள்ளூர் ஆட்களையும் போர்த்துகீசியக் கலப்பினத்தவரையும் வைத்துக்கொண்டு, வங்காளக் கப்பல்களைக் கொள்ளையடித்து வந்த பணத்தில் சம்பளம் கொடுத்தார். ஆம், கடற்கொள்ளைதான், மழுப்பத் தேவையில்லை. ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். தஞ்சாவூர்ப் படை வந்தபோது தாக்குப்பிடித்தார்.

ஊருக்குத் திரும்ப ஆசை, கப்பல் அனுப்புங்கள் என்று கடிதம் மேல் கடிதம் எழுதினார். 1669இல் ஒருவழியாக டென்மார்க்கிலிருந்து கப்பல் வந்தது. போனால் போகிறது என்று பதவியை உறுதிசெய்து காகிதம் கொடுத்தார்கள். கோட்டையில் அவருக்கென்று தனியாக எதுவும் வைக்கவில்லை என்பது எனக்கு ஒரு குறைதான்.

இந்தியாவின் முதல் தமிழ் அச்சகம் இங்கேதானே?

இல்லை. இதை நானே பத்துப் பேருக்காவது தப்பாகச் சொல்லியிருக்கிறேன். தமிழ் எழுத்தில் புத்தகம் 1578இலேயே கொல்லத்தில் அச்சாகிவிட்டது, போர்த்துகீசியர் காலத்தில். பிறகு கொச்சியிலும் புன்னைக்காயலிலும் சில. அப்புறம் அந்த முயற்சி தேய்ந்து நின்றுபோனது. நின்றுபோனதை மறுபடி தொடங்கி, விடாமல் நடத்திக் காட்டியது தரங்கம்பாடி. அதுவே போதுமான பெருமை.

நடந்த விதம் சுவையானது. 1711இல் இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறி புறப்பட்டது. கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிரேசில் அருகே பிடித்தார்கள்; பொறி தப்பியது, கூட வந்த அச்சுக்காரர் வழியில் இறந்துபோனார். தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்து அனுப்பினார்கள். தமிழே தெரியாதவர்கள் வார்த்த எழுத்து, ஒவ்வொன்றும் பெரிது பெரிதாக இருந்தது. அந்த அளவில் பைபிளை அச்சடித்தால் காகிதம் எங்கே போவது? ஆகவே இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். லண்டனிலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களை மூடியிருந்த ஈயத்தகடுகளை உருக்கி வார்த்தார்கள் என்று சொல்வார்கள். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் வந்தது. அப்படியும் காகிதம் போதவில்லை. பக்கத்துப் பொறையாறில் காகிதப் பட்டறையே வைத்தார்கள். பட்டறை சீக்கிரம் மூடப்பட்டுவிட்டது, ஆனால் அந்த இடத்துக்கு இன்றும் 'கடுதாசிப்பட்டறை' என்றுதான் பெயர்.

சீகன்பால்கு என்பவர் யார்? ஏன் எங்கே பார்த்தாலும் அவர் பெயர்?

பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஜெர்மானியர். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய லுத்தரன் மிஷனரி. கூட வந்தவர் ஹென்ரிக் புளூட்சோ. 1706 ஜூலை 9 அன்று வந்து சேர்ந்தார்கள். கடற்கரையில் அதற்கு நினைவுச்சின்னம் இருக்கிறது.

அரசரே அனுப்பியும் இங்கிருந்த டேனிஷ் ஆளுநருக்கு இவர்களைப் பிடிக்கவில்லை. வியாபாரம் நடக்கிற இடத்தில் மதப் பிரச்சாரம் செய்து ஊராரைக் கிளப்பிவிடுவார்களோ என்ற பயம். முட்டல் முற்றி சீகன்பால்குவை நான்கு மாதம் கோட்டையில் அடைத்துவைத்தார். கீழ்த்தளத்துக்குப் போகும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் கற்றுக்கொள்ள அவர் செய்த வேலை எனக்குப் பிடிக்கும். ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, அவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். தமிழ் இலக்கணம் எழுதினார், 1716இல் ஹாலேயில் அச்சானது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். உங்களை அனுப்பியது இந்த வேலைக்கு அல்ல என்று மேலிடத்தில் அதை ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டார்கள். ஒன்றரை நூற்றாண்டு கழித்து 1867இல்தான் அச்சேறியது.

மதம் மாற்ற வந்தவர் என்ற விமர்சனமும் உண்டு, தமிழுக்குத் தொண்டு செய்தவர் என்ற பாராட்டும் உண்டு. இரண்டும் உண்மை, ஒன்றை வைத்து இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை. 1719இல் இறந்தார். வயது 36.

ஒரே தெருவில் இரண்டு பழைய தேவாலயங்கள் இருக்கின்றனவே, எது எது?

சீயோன் தேவாலயம் 1701இல் வந்தது, கோட்டையின் டேனிஷ்காரர்களுக்காக. இப்போது தென்னிந்தியத் திருச்சபையிடம் இருக்கிறது. புதிய எருசலேம் தேவாலயம் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காக சீகன்பால்கு கட்டியது, 1718இல் திறந்தது. இவர் முதலில் கட்டிய எருசலேம் ஆலயத்தைக் கடல் கொண்டுபோனதால் இதற்குப் 'புதிய' என்று பெயர். முகப்பில் நிமிர்ந்து பார்த்தால் கிரீடத்தோடு அரசரின் முத்திரை எழுத்தும் 1718 என்ற ஆண்டும் தெரியும். சீகன்பால்குவின் கல்லறை உள்ளே இருக்கிறது. இரண்டிலும் வழிபாடு நடக்கிறது. ஞாயிறு காலையில் கேமராவோடு நுழையாதீர்கள்.

கோட்டையையும் தேவாலயத்தையும் தவிர ஊரில் என்ன இருக்கிறது?

ஊர்தான் இருக்கிறது! பெரும்பாலானோர் காரைக் கோட்டை வாசலில் நிறுத்தி, அரை மணியில் போட்டோ எடுத்துக்கொண்டு திருநள்ளாறுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிப் போகிறவர்களுக்குத் தரங்கம்பாடி பிடிக்காமல் போவதில் ஆச்சரியமில்லை.

ஊருக்குள் நுழையும் வாசலிலிருந்தே நடக்கத் தொடங்குங்கள். இப்போது நிற்கும் வாசல் 1792இல் கட்டியது. ஊரைச் சுற்றி மதில் இருந்த காலத்தில் தரைவழியாக வருகிறவர்கள் இதன் வழியாகத்தான் வர வேண்டும். அதைத் தாண்டினால் நேராகக் கடலைப் பார்த்துப் போகிறது கிங் தெரு. குயின் தெரு, அட்மிரல் தெரு என்ற பெயர்களும் அப்படியே இருக்கின்றன. 1784இல் எழுந்த ஆளுநர் மாளிகை கோட்டைக்கு எதிரே. வெகுகாலம் பாழடைந்து கிடந்ததை டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் உதவியோடு சீரமைத்தார்கள்.

உள்தெருக்களில் தமிழ் வீடுகள். திண்ணை, மரத்தூண், நாட்டு ஓடு, நடுவில் முற்றம். சுனாமிக்குப் பிறகு இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு சில வீடுகளைப் பழைய முறையிலேயே செப்பனிட்டது. ஒரு பக்கம் ஐரோப்பியத் தூண் வைத்த பங்களா, அடுத்த சந்தில் கோலம் போட்ட திண்ணை வீடு. கோட்டையைவிட நான் வெளியூர்க்காரர்களுக்குக் காட்ட ஆசைப்படுவது இந்தச் சந்துகளைத்தான்.

பழைய டேனிஷ் காசு கரையில் கிடைக்குமாமே?

மழைக்கும் பெரிய அலைக்கும் பிறகு மணலைக் கிளறிக் காசு எடுத்தவர்கள் ஊரில் உண்டு. டேனிஷ்காரர்கள் இங்கேயே ஈயத்திலும் செம்பிலும் காசு அடித்தார்கள். ஒருமுறை ஒரு பெரியவர் தன்னிடம் இருந்த ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் நகம் அளவுதான். பச்சை பூத்த செம்பு, ஒரு பக்கம் கிரீடம், அதன் கீழே 'சி' எழுத்துக்குள் ஒரு 7. ஏழாம் கிறிஸ்டியன். பின்பக்கம் மதிப்பை ரோமன் எழுத்தில் 'காஸ்' என்று போட்டிருந்தது. நம் காசுதான்! பணம் என்ற சொல்லையும் 'ஃபானோ' என்று எடுத்துக்கொண்டார்கள்.

தெருவில் விற்க வந்தால் வாங்காதீர்கள். போலி நிறைய, அசலாக இருந்தாலும் பழம்பொருள் சட்டச் சிக்கல்.

இவ்வளவு செய்துவிட்டு ஏன் விற்றுவிட்டுப் போனார்கள்?

நஷ்டம். டென்மார்க்குக்கு இந்த ஊரால் லாபம் கிடைத்ததே மற்றவர்கள் சண்டை போட்டபோதுதான். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டிருக்க, நடுநிலை நாட்டுக் கப்பல் என்று சொல்லி டேனிஷ் கப்பல்கள் எல்லார் சரக்கையும் ஏற்றிச் சம்பாதித்தன. 1807இல் அந்த நடுநிலை போயிற்று. 1808 முதல் 1815 வரை ஊர் ஆங்கிலேயர் கையில் இருந்தது. திரும்பக் கிடைத்தபோது வியாபாரம் இல்லை. 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள்.

ஆங்கிலேயர் கொஞ்ச காலம் தஞ்சாவூர் மாவட்டத் தலைமையகத்தையே இங்கே வைத்தார்கள். 1860இல் அது தஞ்சாவூருக்குப் போனது. 1860களில் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது, கப்பலும் அங்கே போனது. அதற்குப் பிறகு இங்கே பெரிதாக எதையும் இடிக்கவும் இல்லை, கட்டவும் இல்லை. இன்று இத்தனை பழைய கட்டடம் மிஞ்சியிருப்பதற்கு அந்த வறுமையும் ஒரு காரணம்.

இந்தக் கடற்கரையில் ஓசோன் அதிகம், உடம்புக்கு நல்லது என்கிறார்களே?

எனக்கு எரிச்சல் தரும் கேள்வி இது, மன்னிக்கவும். ஓசோன் நல்லது செய்வது தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்தில். மூச்சு இழுக்கிற காற்றில் அது கூடினால் நுரையீரலுக்குக் கெடுதல். கடற்கரையில் நாம் 'ஓசோன் வாசனை' என்று இழுத்துவிடுவது கடல் நுண்ணுயிர்களால் உண்டாகும் கந்தகச் சேர்மங்களின் மணம். காற்று சுத்தம், காலையில் நடந்தால் மனசு லேசாகும். அது போதாதா?

சுனாமியில் ஊருக்கு என்ன ஆயிற்று?

2004 டிசம்பர் 26. தமிழ்நாட்டில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அன்றைய நாகப்பட்டினம் மாவட்டம்தான், தரங்கம்பாடியும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. மீனவர் குப்பத்தில் நூற்றுக்கணக்கானோர் போனார்கள். கோட்டை நின்றது. கரையோரம் இப்போது தெரியும் பாறை அரண்களும் உள்ளே தள்ளிக் கட்டிய மீனவர் குடியிருப்புகளும் அதற்குப் பின் வந்தவை. ஊர்க்காரர்களிடம் இதைக் கதை கேட்கிற தோரணையில் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடலில் குளிக்கலாமா?

வேண்டாம். கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். பாறைகள் கிடக்கின்றன, பாசி வழுக்கும், இழுப்பு அதிகம்.

எப்போது போகலாம்? எவ்வளவு நேரம் வேண்டும்?

ஜனவரி, பிப்ரவரி நல்லது. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். மே மாதம் வந்தால் கோட்டைக்குள் என் மாமா தூங்கின இடத்தைத் தேட வேண்டிவரும்.

ஒரு முழு நாள் வையுங்கள். முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். இது கிழக்குக் கரை. கடலில் சூரியன் உதிப்பதைத்தான் பார்க்கலாம், மறைவதை அல்ல. 'சன்செட் பாயிண்ட் எங்கே?' என்று கேட்ட சொந்தக்காரர் எங்கள் குடும்பத்தில் இன்னமும் கேலிப்பொருள்.

தங்கவும் சாப்பிடவும் வசதி உண்டா?

பழைய பங்களாக்களை மாற்றியமைத்த பாரம்பரிய விடுதிகள் உண்டு. அறைகள் குறைவு, வாடகை கூடுதல், வாரக்கடைசி என்றால் முன்பதிவு அவசியம். செலவு கட்டுப்படாதவர்கள் திருக்கடையூரில் தங்கலாம். அங்கே அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்காகவே வரிசையாக விடுதிகள் இருக்கின்றன. காரைக்காலும் பக்கம்தான். சாப்பாட்டுக்கு ஊருக்குள் பெரிய ஹோட்டலை எதிர்பார்க்காதீர்கள். மீன் கிடைக்கிற இடத்தில் சாப்பிட்டுவிடுங்கள். சைவம் என்றால் பொறையாறு.

பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

திருக்கடையூர் அபிராமி சந்நிதி, சுமார் 8 கிலோமீட்டர். பத்துக் கைகளோடு நிற்கும் அனந்தமங்கலம் ஆஞ்சநேயர் இன்னும் பக்கம். வடக்கே பூம்புகார், 1973இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம் அங்கே. தெற்கே பிரெஞ்சுக்காரர் ஆண்ட காரைக்கால், அதைத் தாண்டி டச்சுக்காரர் ஆண்ட நாகப்பட்டினம். ஒரு மணி நேர கார் பயணத்துக்குள் டேனிஷ், பிரெஞ்சு, டச்சு மூன்றையும் பார்த்துவிடலாம், ஒரு பாஸ்போர்ட்டும் இல்லாமல்.

வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. ஊர் சமதளம், தெருக்களில் நெரிசல் குறைவு. கோட்டையில் மேல்தளத்துக்கு மட்டும் படி ஏற வேண்டும், அவர்கள் கீழேயே உட்கார்ந்துகொள்ளலாம். காலை எட்டு மணிக்குள் கடற்கரை நடையை முடித்துக்கொள்ளுங்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில் கையோடு இருக்கட்டும். கோட்டைக்கும் கடலுக்கும் நடுவே நிழல் கிடையாது.